ஒரு இணைப்பு, பல கம்ப்யூட்டர்கள்: மலையில் நெட்வொர்க் தகராறு செய்யும்போது அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் இருந்துகொண்டு அரவேணு, கட்டபெட்டு, கொடநாடு, குன்னூர் பக்கம் வீடுகளுக்கும் ஹோம்ஸ்டேகளுக்கும் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கும் நெட்வொர்க் வேலை செய்து தருகிறேன். மழைக்காலத்தில் ஒரு எஸ்டேட்டுக்குப் போய்த் திரும்பவே அரை நாள் ஆகிவிடும். அதுவரை பச்சைத் தேயிலை எடை போட்டு ரசீதுக்குக் காத்து நிற்பவர்களை நினைத்தால் மனசு கேட்காது. ஃபோனில் நான் திரும்பத் திரும்பச் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். இதில் வரும் எல்லா இடங்களிலும் அமைப்பு ஒன்றுதான்: வெளியிலிருந்து ஒரு ஃபைபர் இழை ஓஎன்டி பெட்டிக்கு (ஃபைபரில் வரும் வெளிச்சத்தை மின் சிக்னலாக மாற்றும் பெட்டி) வருகிறது, அங்கிருந்து ரவுட்டர், ரவுட்டரிலிருந்து வயரிலோ வைஃபையிலோ பல கம்ப்யூட்டர்கள். ரவுட்டர்தான் எல்லோருக்கும் பொதுவான வாசல். கேட்வே என்பது அதைத்தான்.

நெட் வரவில்லை. கோளாறு என் கம்ப்யூட்டரிலா, ரவுட்டரிலா, வெளி லைனிலா?

நம் ஊர்ச் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். பர்லியாறு பக்கம் மண் சரிந்து மேட்டுப்பாளையம் வழி அடைபட்டாலும், குன்னூருக்குள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய்வரத் தடையில்லை. நெட்வொர்க்கும் அப்படித்தான். கம்ப்யூட்டரிலிருந்து ரவுட்டர் வரை ஒரு பாதை, ரவுட்டரிலிருந்து வெளியுலகம் வரை ஒரு பாதை, கம்ப்யூட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே ஒரு பாதை. எது அடைபட்டது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

விண்டோஸில் ஸ்டார்ட் மெனுவைத் திறந்து சிஎம்டி (cmd) என்று அடித்தால் ஒரு கறுப்புத் திரை வரும். அதில் ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளையைக் கொடுங்கள். ஐபிவி4 அட்ரஸ் என்ற வரியில் இருப்பது உங்கள் கம்ப்யூட்டரின் முகவரி. டீஃபால்ட் கேட்வே என்ற வரியில் இருப்பது ரவுட்டரின் முகவரி. பல வீடுகளில் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். இப்போது பிங் (ping) கட்டளையை, அதாவது ஒரு முகவரி பதில் சொல்கிறதா என்று கேட்கும் கட்டளையை அடித்து, ஒரு இடைவெளி விட்டு, அந்த கேட்வே முகவரியைக் கொடுங்கள்.

பதில் வரவில்லை என்றால் கேபிள்காரரைக் கூப்பிட வேண்டாம். வயர், வைஃபை, கம்ப்யூட்டர், ரவுட்டர் இவற்றில் ஒன்றில்தான் கோளாறு, எல்லாம் உங்கள் கூரைக்குக் கீழேயே இருக்கிறது. பதில் வந்தால் அடுத்து 8.8.8.8 என்ற முகவரிக்கு பிங் கொடுங்கள். இது கூகுள் நடத்தும் பொது டிஎன்எஸ் சர்வர். கேட்வே பதில் சொல்கிறது, 8.8.8.8 சொல்லவில்லை என்றால் பெரும்பாலும் வெளி லைன்தான். ஓஎன்டி பெட்டியில் எல்ஓஎஸ் (LOS) என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிகிறதா பாருங்கள். எரிந்தால் ஃபைபரில் வெளிச்சம் வந்து சேரவில்லை. கம்பத்தில் மரம் விழுந்திருக்கலாம், குரங்கு தொங்கி இழுத்திருக்கலாம். அதை நீங்கள் வீட்டிலிருந்து சரிசெய்ய முடியாது.

8.8.8.8 பதில் தருகிறது, ஆனால் பிரவுசரில் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ் கோளாறு. தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருகிற வேலை நடக்கவில்லை. ரவுட்டர் அமைப்பில் டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8, அடுத்ததாக 1.1.1.1 கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பக்கத்து கம்ப்யூட்டருக்கு பிங் கொடுத்தால் சில சமயம் டைம்ட் அவுட், சில சமயம் அன்ரீச்சபிள் என்று வருகிறதே, இரண்டும் ஒன்றா?

இல்லை. இந்த வித்தியாசம் தெரிந்தால் வீணாக அலைய வேண்டாம். ஒரே ரவுட்டரின் கீழ் இருக்கும் இரண்டு கம்ப்யூட்டர்களுக்குள், டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள் என்று உங்கள் சொந்த முகவரியிலிருந்தே பதில் வந்தால், அந்தக் கம்ப்யூட்டரைக் கூப்பிட்டுப் பார்த்தும் ஆளே இல்லை என்று அர்த்தம். அது அணைந்திருக்கிறது, வயர் கழன்றிருக்கிறது, அல்லது வேறு நெட்வொர்க்கில் இருக்கிறது. ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட் என்று வந்தால் பெரும்பாலும் ஆள் இருக்கிறார், கதவைத் திறக்கவில்லை. அதாவது அந்தப் பக்கத்து ஃபயர்வால் (கம்ப்யூட்டரின் காவல் மென்பொருள்) தடுக்கிறது. சந்தேகம் இருந்தால் ஏஆர்பி கட்டளையோடு மைனஸ் ஏ சேர்த்துக் (arp -a) கொடுங்கள். வரும் பட்டியலில் அந்த முகவரிக்கு நேரே பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் கலந்த வன்பொருள் முகவரி இருந்தால் பாதை நன்றாகவே இருக்கிறது. அதற்குப் பிறகு வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகிப் பயனில்லை.

எல்லா கம்ப்யூட்டரிலும் நெட் நன்றாக வருகிறது. ஆனால் ஒன்றிலிருந்து ஒன்றின் ஃபைலைத் திறக்க முடியவில்லை. ஏன்?

எனக்கு அதிகம் வருகிற கேள்வி இதுதான். நெட் வருகிறது என்பதால் வயரும் ரவுட்டரும் சரி என்று ஏற்கெனவே தெரிந்துவிட்டது. மிச்சம் இருப்பது அனுமதி.

ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் எடைமேடை அறையில் ஒரு கம்ப்யூட்டர், அலுவலகத்தில் கணக்கு எழுத ஒரு கம்ப்யூட்டர். எடைமேடையில் பதிவாகும் இலைக் கணக்கு அலுவலகத்தில் திறக்க வேண்டும். மூன்று வருடமாக ஓடிக்கொண்டிருந்தது, ரவுட்டரை மாற்றிய மறுநாள் நின்றுவிட்டது. புது ரவுட்டரில்தான் குறை என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். உண்மையில், ரவுட்டர் மாறினால் விண்டோஸ் அதைப் புது இடம் என்றுதான் எடுத்துக்கொள்ளும். புது இடத்தில் யாரையும் நம்பாமல் பப்ளிக் நெட்வொர்க் என்று குறித்துக்கொண்டு, பகிர்வை மூடிவிடும். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் இரண்டு கம்ப்யூட்டரிலும் பிரைவேட் என்று மாற்றினேன். ஃபைல் திறந்துகொண்டது. எடைமேடையில் இருந்த அக்கா அதுவரை நோட்டில் கையால் எழுதிக்கொண்டிருந்தார். அந்த மூன்று பக்கத்தையும் அவர் திரும்ப அடிக்க வேண்டியிருந்தது.

பிரைவேட் ஆக்கியும் வரவில்லை என்றால், எக்ஸ்புளோரரின் முகவரிப் பட்டியில் இரண்டு பின்சாய்கோடு போட்டு அந்தக் கம்ப்யூட்டரின் எண் முகவரியை நேரடியாகக் கொடுங்கள். எண்ணுக்குத் திறந்து பெயருக்குத் திறக்காவிட்டால் பெயர் கண்டுபிடிப்பதில்தான் சிக்கல். எண்ணை வைத்தே ஷார்ட்கட் போட்டுக்கொள்ளலாம். பாஸ்வேர்டு கேட்டு, கொடுத்தும் ஏற்காமல் நின்றால் இரண்டு விஷயம் பாருங்கள். பாஸ்வேர்டே இல்லாத கணக்கை விண்டோஸ் வழக்கமாக நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது. இன்னொன்று, தினமும் கம்ப்யூட்டரைத் திறக்க அடிக்கும் நாலு இலக்க பின் வேறு, கணக்கின் பாஸ்வேர்டு வேறு. நெட்வொர்க்கில் கேட்பது பாஸ்வேர்டைத்தான். பலருக்கு பின் மட்டுமே ஞாபகம் இருக்கும், பாஸ்வேர்டு வைத்ததே மறந்திருக்கும்.

வைஃபையில் இருப்பவர்கள் விருந்தினர் வைஃபையில் மாட்டிக்கொண்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். கெஸ்ட் நெட்வொர்க்கின் நோக்கமே, நெட் மட்டும் கொடுத்து மற்ற கம்ப்யூட்டர்களை மறைப்பதுதான். சில ரவுட்டரில் ஏபி ஐசொலேஷன் என்ற தேர்வும் இதே வேலையைச் செய்யும். காலாவதியான ஆன்டிவைரஸ் தன் சொந்த ஃபயர்வாலை வைத்துக்கொண்டு வழிமறிப்பதும் உண்டு. அதை முழுசாக நீக்கிவிட்டு விண்டோஸோடு வருவதை வைத்துக்கொள்வது என் அனுபவத்தில் நல்லது.

பழைய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரைப் புது கம்ப்யூட்டரிலிருந்து பார்க்க முடியவில்லை.

எக்ஸ்பி பேசுவது, ஃபைல் பகிரும் முறையான எஸ்எம்பியின் முதல் பதிப்பில். 2017-இல் வானாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது அந்தப் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டின் பின்பாதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும்போது அது சேர்க்கப்படுவதில்லை. அதைத் திரும்பவும் இயக்கும் வழி இருக்கிறது. ஆனால் தயவுசெய்து செய்யாதீர்கள். எக்ஸ்பிக்குப் பாதுகாப்பு அப்டேட் 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டது. கணக்கு வழக்கெல்லாம் இருக்கும் நெட்வொர்க்கில் அப்படி ஒரு கதவைத் திறந்து வைப்பது சரியில்லை. எக்ஸ்பியில் மட்டுமே ஓடும் எடை மென்பொருள் என்றால், ஃபைலை பென்டிரைவில் கொண்டுபோங்கள், மென்பொருள் கொடுத்தவரிடம் புதியது கேளுங்கள்.

என் முகவரி 169.254 என்று ஆரம்பிக்கிறது. இது என்ன?

கம்ப்யூட்டர் ரவுட்டரிடம் முகவரி கேட்டது, யாரும் பதில் சொல்லவில்லை, தானாக ஒன்றை வைத்துக்கொண்டது. கரண்ட் போய் வந்த பிறகு இதை நிறைய பார்க்கிறேன். கம்ப்யூட்டர் சீக்கிரம் எழுந்துவிடும், ரவுட்டர் இன்னும் தயாராகியிருக்காது. வழக்கமாகக் கொஞ்ச நேரத்தில் அதுவே மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். வாங்காவிட்டால் லேன் வயரைக் கழற்றி மாட்டுங்கள், வைஃபை என்றால் அணைத்துப் போடுங்கள். அப்போதும் 169.254 என்றே நின்றால் வயரிலோ சுவிட்சிலோ ரவுட்டரிலோ கோளாறு இருக்கலாம்.

கரண்ட் போய் வருவது நமக்குப் பழகிப்போன விஷயம் என்பதால் ஒன்று சொல்கிறேன். ஓஎன்டிக்கும் ரவுட்டருக்கும் சேர்த்து 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கி வையுங்கள். வாங்குமுன் இரண்டு பெட்டியின் அடாப்டரிலும் அச்சிட்ட வோல்ட், ஆம்பியர் பார்த்துக்கொள்ளுங்கள். சில ரவுட்டர் 9 வோல்ட்டில் ஓடும். லோ வோல்டேஜில் ரவுட்டர் விட்டு விட்டு ரீஸ்டார்ட் ஆவதும் இதனால் நிற்கும்.

சிக்னல் போதவில்லை என்று இரண்டாவது ரவுட்டர் போட்டேன். அதிலிருந்து பிரச்சினை ஆரம்பித்தது.

பழைய பங்களாக்களின் கல் சுவர் தடிமனானது. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இரண்டு சுவர் தாண்டுவதற்குள் தளர்ந்துவிடும், அதனால் இரண்டாவது ரவுட்டர் வாங்குவது நியாயமான முடிவுதான். மாட்டும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

முதல் ரவுட்டரிலிருந்து வரும் வயரை இரண்டாவதின் வேன் (WAN, வெளி லைனுக்கான) துளையில் மாட்டினால், இரண்டாவது ரவுட்டர் தனக்குப் பின்னால் தனி நெட்வொர்க்கை உண்டாக்கிக்கொள்ளும். அங்கே இருப்பவர்களுக்கு நெட் வரும். அவர்களால் முதல் ரவுட்டரில் இருக்கும் பிரின்டருக்கு அச்சு அனுப்பவும் முடியும். ஆனால் இந்தப் பக்கம் இருப்பவர்கள் அந்தப் பக்கம் போக முடியாது. ஒருவழிப்பாதை மாதிரி. ஒரு பக்கம் திறக்கிறது, மறுபக்கம் திறக்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது வீட்டில் எத்தனை ரவுட்டர் என்றுதான்.

அதையே லேன் (LAN, உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கான) துளையில் மாட்டி, டிஎச்சிபியை, அதாவது முகவரி கொடுக்கும் வசதியை அணைக்காமல் விட்டால் இன்னும் மோசம். முகவரி கொடுக்க இரண்டு பேர் இருப்பார்கள். யார் முதலில் பதில் சொல்கிறாரோ அவர் கொடுத்ததைக் கம்ப்யூட்டர் வைத்துக்கொள்ளும். காலையில் வேலை செய்த கம்ப்யூட்டர் மதியம் செய்யாது, ரீஸ்டார்ட் செய்தால் சரியாகும், மறுபடி கெடும். கட்டபெட்டு பக்கம் ஒரு ஹோம்ஸ்டேயில் இதே கதை. இரண்டு மடிக்கணினிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஐபிகான்ஃபிக் பார்த்தோம். ஒன்றில் கேட்வே 192.168.1.1, இன்னொன்றில் 192.168.0.1. அந்த ஒரு வரி போதும், விஷயம் தெரிந்துவிட்டது.

சரியான வழி இதுதான். முதலில் இரண்டாவது ரவுட்டரைத் தனியாக ஒரு கம்ப்யூட்டரோடு இணைத்து, அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள் (முதல் ரவுட்டர் 192.168.1.1 என்றால்). அதில் டிஎச்சிபியை அணையுங்கள். அப்புறம் லேன் துளையோடு லேன் துளையை இணையுங்கள். ஆக்சஸ் பாயின்ட் மோட் என்று ஒரு தேர்வு அதிலேயே இருந்தால் அதைப் போட்டாலே போதும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றுக்கு சேனல் 1 கொடுத்தால் மற்றதுக்கு 6 அல்லது 11 கொடுங்கள்.

மூடுபனி வந்தால் நெட் மெதுவாகிறதே, பனிதான் காரணமா?

நேரடியாக இல்லை. வைஃபை ஓடும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைகளை மூடுபனி பொருட்படுத்தும்படி குறைப்பதில்லை. பனியோடு வரும் ஈரம்தான் வேலையைக் காட்டுகிறது.

ஒரு எஸ்டேட்டில் தொழிற்சாலைக்கும் மேலே இருக்கும் அலுவலகத்துக்கும் டிஷ் வைத்து ரேடியோ இணைப்பு கொடுத்திருந்தோம். முதல் வருடம் குறையே இல்லை. மூன்றாம் வருடம், மழை நாளில் மட்டும் அறுந்தது. டிஷ்ஷை மாற்றச் சொல்லிச் செலவு வைத்திருப்பேன், நல்லவேளை ஏறிப் பார்த்தேன். நடுவே தேயிலைக்கு நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரத்தின் கொழுந்து டிஷ்ஷின் நேர்க்கோட்டுக்கு வந்துவிட்டது. காய்ந்த இலையை அலை எப்படியோ தாண்டிவிடும், தண்ணீர் சொட்டும் இலையைத் தாண்டாது. எஸ்டேட்காரரிடம் சொல்லி, நிழல்மரம் கவாத்து செய்யும்போது அந்த இரண்டு மரத்தையும் கொஞ்சம் கூடுதலாக இறக்கச் சொன்னோம். கோடு மட்டும் தெளிவாக இருந்தால் போதாது, அதைச் சுற்றியும் இடம் வேண்டும்.

வயரில் என்ன கெடும்? பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறது?

ஆர்ஜே45 பிளக்கைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எட்டுத் தகடுகளும் பொன்னிறமாக இருக்க வேண்டும். நம் ஊர் ஈரத்தில், மலிவான பிளக் என்றால் ஓரிரு தகடுகளின் நுனியில் பச்சையாகப் பாசி மாதிரி பூத்திருக்கும். அது செம்பு அரித்த களிம்பு. துடைத்து மாட்டினால் ரெண்டு நாள் ஓடும், மறுபடி பூக்கும். வெட்டிவிட்டுப் புது பிளக் அடிப்பதுதான் வழி.

100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு எட்டில் நாலு கம்பி போதும்: 1, 2, 3, 6. கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். அதனால்தான் மற்ற நாலில் ஒரு கம்பி அறுந்தாலும் நெட் வந்துகொண்டே இருக்கும், வேகம் மட்டும் 100-க்கு இறங்கியிருக்கும். 300 எம்பிபிஎஸ் பிளான் போட்டும் தொண்ணூற்றுச் சொச்சத்தைத் தாண்டவில்லை என்றால் முதலில் வயரைச் சந்தேகியுங்கள்.

பிளக் அடிக்கும்போது நிற வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் ஒரே மாதிரி இருந்தால் போதும் என்று தன் இஷ்டத்துக்கு வரிசை வைப்பவர்கள் இருக்கிறார்கள். கம்பிகள் ஜோடி ஜோடியாகப் பின்னியிருப்பது காரணத்தோடுதான்; ஜோடி கலைந்தால் பக்கத்து அறைக்கு ஓடும், நாற்பது மீட்டருக்கு ஓடாது. வாங்கும்போது கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக வந்தால் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது, வேண்டாம். மொத்த நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. வெளியே போகும் வயர் கறுப்பு உறையுள்ள வெளிப்புற வகையாக இருக்கட்டும்; சுவருக்குள் நுழையும் முன் ஒரு வளைவாகக் கீழே தொங்க விடுங்கள், மழைத் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், ரவுட்டருக்குள் வராது.

இடி மின்னலில் என்ன செய்ய வேண்டும்?

ரவுட்டரின் பவரை மட்டும் பிடுங்கினால் போதாது, லேன் வயரையும் கழற்றுங்கள். ஏப்ரல், மே கோடை மழையிலும் அக்டோபர், நவம்பர் மழையிலும் சுவிட்சின் துளைகள் போவதைப் பார்க்கிறேன். ஒருமுறை எட்டு துளை சுவிட்ச் ஒன்றை மூக்கருகே கொண்டுபோனால் ஒரு மூலையில் மட்டும் கருகிய நெடி. அந்தத் துளையிலிருந்து போன வயர், அறுபது மீட்டர் தள்ளி இருந்த குடோனுக்குப் போனது. ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குச் செம்பு வயர் இழுத்தால் மின்னலுக்கு நாமே வழி போட்டுக் கொடுக்கிறோம். அந்த இடத்தில் ஃபைபர் இழுத்து இரண்டு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரையும் லேன் வயரையும் இணைக்கும் சின்னப் பெட்டி) வையுங்கள். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. உலோகக் கம்பி சேராத கேபிளாகக் கேட்டு வாங்குங்கள்.

பிரின்டர் வாரத்துக்கு ஒருமுறை காணாமல் போகிறது.

அதன் முகவரி மாறிவிடுகிறது. ரவுட்டரில் அட்ரஸ் ரிசர்வேஷன் பகுதியில் பிரின்டருக்கு நிரந்தரமாக ஒரு எண்ணை ஒதுக்குங்கள். பிரின்டரிலேயே எண் போடுவதானால், ரவுட்டர் பிறருக்குக் கொடுக்கும் வரிசைக்கு வெளியே போடுங்கள். இல்லாவிட்டால் ஒரே எண் இரண்டு பேரிடம் போய்ச் சண்டை வரும்.

சிசிடிவியை வெளியூரிலிருந்து பார்க்க முடியவில்லை. ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்ட் (வெளியிலிருந்து வருவதைக் கேமராவுக்குத் திருப்பிவிடும் அமைப்பு) செய்தும் பயனில்லை.

ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் ஆரம்பித்தால், இணைப்பு கொடுப்பவர் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பங்கு வைக்கிறார். உங்கள் வாசலுக்கு முன்னால் இன்னொரு வாசல் இருக்கிறது, அதன் சாவி உங்களிடம் இல்லை. அவரிடம் தனிப் பொது முகவரி கேட்கலாம், அதற்கு வழக்கமாகத் தனிக் கட்டணம் இருக்கும். இல்லையென்றால் கேமரா நிறுவனத்தின் செயலி வழியாகப் பாருங்கள்.

ரவுட்டர் பின்னால் இருக்கும் சின்ன ஓட்டையில் குண்டூசி வைத்து அழுத்தலாமா?

வேண்டாம். அது ரீஸ்டார்ட் இல்லை, ரீசெட். இணைப்பின் யூசர்நேம், பாஸ்வேர்டு, வைஃபை பெயர் எல்லாம் அழிந்துவிடும். பவரை அணைத்து அரை நிமிடம் கழித்துப் போட்டாலே ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

எல்லாம் பார்த்தும் முடியவில்லை. உங்களைக் கூப்பிடும்போது என்ன சொல்ல வேண்டும்?

நாலு விஷயம் சொன்னால் போதும். எந்த விளக்கு எந்த நிறத்தில் எரிகிறது. ஒரு கம்ப்யூட்டருக்கா, எல்லாவற்றுக்குமா. கேட்வேக்கும் 8.8.8.8-க்கும் பிங் என்ன சொன்னது. கடைசியாக என்ன மாற்றினீர்கள். கடைசிக் கேள்விக்கு எல்லோரும் ஒன்றும் மாற்றவில்லை என்றுதான் சொல்வார்கள். பெயின்ட் அடிக்க மேஜையை நகர்த்தினோம் என்பதுகூடச் சேர்த்தி, ஃபைபர் மடங்கியிருக்கும்.

நான் வேலை முடித்துக் கிளம்பும்போது ரவுட்டர் பக்கத்துச் சுவரில் ஒரு அட்டை ஒட்டிவிட்டு வருவேன். கேட்வே எண், பிரின்டர் எண், எந்தத் துளையில் எந்த அறையின் வயர், இணைப்பின் யூசர்நேம், கேபிள்காரர் ஃபோன் எண். பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுதுவதில்லை. அதை வீட்டுக்காரரின் நோட்டில் எழுதச் சொல்லிவிடுவேன். உங்கள் வீட்டில் அந்த அட்டை இல்லையென்றால், நெட் நன்றாக ஓடுகிற இன்றைக்கே ஐபிகான்ஃபிக் கொடுத்து, வருகிற எண்களைப் பார்த்து எழுதி ஒட்டிவிடுங்கள். பென்சிலால் எழுதுங்கள், ஈரத்தில் பேனா மை பரவிவிடும்.